கைக்காசு கரையாமல் எடை குறைக்க: வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஏழே காலுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். வீடு திரும்ப இரவு ஏழாகும். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்து வேலை. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 80 கிலோவைத் தொட்டபோது மாடிப்படி ஏறினாலே முழங்கால் வலித்தது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஊட்டச்சத்து சென்டரில் மாதம் 6,500 ரூபாய் கட்டி, இரண்டு மாதம் பவுடர் கரைத்துக் குடித்தேன். 5 கிலோ இறங்கியது. நிறுத்தியபின் மூன்றே மாதத்தில் 6 கிலோ ஏறி, 81-ல் வந்து நின்றது. போன 13,000 ரூபாய் என் ஒரு மாதச் சம்பளம்.

அதற்கப்புறம் வீட்டுச் சாப்பாட்டை வைத்தே ஒன்பது மாதத்தில் 70 கிலோவுக்கு வந்திருக்கிறேன். இன்னும் குறைய வேண்டும், குறைந்துகொண்டும் இருக்கிறது. மளிகைச் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. மாதம் முன்னூறு, நானூறு மிச்சமாகிறது. எனக்காகத் தனியாக எதையும் வாங்கவில்லை. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்ததை அளந்து போட ஆரம்பித்தேன், அவ்வளவுதான் நடந்தது. எந்த வரிசையில் செய்தால் பணமும் நேரமும் வீணாகாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் நான் சமீபத்தில் கொடுத்தவை. உங்கள் பக்கம் ஐந்து, பத்து கூடக் குறைய இருக்கும்.

1. முதலில் உடம்பைக் காட்டிவிட்டு வாருங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ எடை, உயரம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆதார் அட்டை, ஒரு கைபேசி எண், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பழைய மருந்துச் சீட்டு, இவ்வளவும் கையில் இருந்தால் போதும். முந்தின நாள் இரவு எட்டரை, ஒன்பதுக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். நான் முதல் முறை டீ குடித்துவிட்டுப் போனதால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள், அரைநாள் சம்பளம் போனது.

தைராய்டு, மூன்று மாத சர்க்கரை சராசரி போன்ற பரிசோதனைகள் தேவை என்று மருத்துவர் சொன்னால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு போட்டுவிட வேண்டும். பெண்களுக்கு அரசு நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது. ஆனால் நம் ஊரில் தனியார் டவுன் பஸ் நிறைய ஓடுகிறது, அதில் ஏறினால் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். அவசரத்தில் பார்க்காமல் ஏறிவிடாதீர்கள்.

உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணால் உங்கள் எடையை வகுத்துப் பாருங்கள். நம் இந்திய உடம்புக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. அளக்க ஒரு தையல் டேப் போதும், 15 ரூபாய்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் பாதியானால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே ஆறாவது படியில் சொல்லும் புரதக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

2. வீட்டு எண்ணெய்க் கணக்கை எடுங்கள்

சுகாதார நிலையத்தில் எனக்கு எடை பார்த்த செவிலியர் அட்டையில் எழுதிக்கொண்டே, "வீட்டுக்கு மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கம்மா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. கடையில் மூன்று லிட்டர், ரேஷனில் ஒன்று. "எத்தனை பேர்?" ஐந்து பேர். அவர் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை எனக்கு யாரும் சொல்லாத கணக்கு அது.

ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8,200. நான்கு லிட்டர் என்றால் 32,800. ஐந்து பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 218 கலோரி எண்ணெயில் மட்டுமே போகிறது. இது வீட்டு எண்ணெய் மட்டும். வெளியே சாப்பிடும் வடை, பரோட்டா தனி.

நீங்களும் இன்றே செய்யலாம். இந்த மாதம் வாங்கிய எண்ணெய், சர்க்கரை இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று பிரியுங்கள். அப்புறம் எண்ணெய் பாட்டிலில் இருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதை நிறுத்துங்கள். எவர்சில்வர் டீஸ்பூன் ஒன்றை எண்ணெய்க்கென்றே ஒதுக்கி, கிண்ணத்தோடு அடுப்பு மேடையில் வையுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, சுமார் 41 கலோரி. ஐந்து பேர் குழம்புக்கு நான்கு ஸ்பூன், பொரியலுக்கு மூன்று ஸ்பூன், தோசைக்கு ஒன்றுக்கு அரை ஸ்பூன். முதல் வாரம் குழம்பு வெளுத்துத் தெரியும். வெங்காயம் வதங்கும்போது அடிப்பிடித்தால் இன்னும் எண்ணெய் ஊற்றாமல், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், வதங்கிவிடும்.

எங்கள் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் இரண்டரை ஆனது. ஒரு லிட்டர் 150 ரூபாய் விற்கும்போது இதிலேயே 225 ரூபாய் மிச்சம். சர்க்கரையும் இப்படித்தான். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம், 40 கலோரி. நாளைக்கு மூன்று டீ குடித்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சர்க்கரை ஒரே ஆள் வயிற்றுக்குள் போகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வந்து மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள், நான்கு வாரத்தில் சர்க்கரை இல்லாத டீக்கு நாக்கு பழகிவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றுவதால் பயன் இல்லை. கலோரி பெரிதாகக் குறையாது, விலைதான் கூடும்.

3. ரேஷன் அட்டையைச் சரிபார்த்து வையுங்கள்

குறைந்த செலவில் நல்ல சாப்பாடு என்றால் அடித்தளம் ரேஷன்தான். அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, இந்த ஒரு கிலோ பருப்பை விட்டுவிடவே கூடாது. அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை கேளுங்கள், இருப்பு இருந்தால் தருவார்கள். அதைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் நார்ச்சத்து போகாத மாவு கிடைக்கும்.

வேறு ஊரிலிருந்து வேலூருக்கு வந்தவர்கள் முதலில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் செய்யலாம், பொதுவிநியோகத் துறையின் இணையதளத்திலும் செய்யலாம். குடும்பத் தலைவர் ஆதார், புது முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ எரிவாயு ரசீதோ வேண்டும். பெயர் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் அட்டையில் ஒரு மாதிரியும் இருந்தால் திருப்பிவிடுவார்கள், அதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். சர்க்கரை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரிசி கிடையாது, அதையும் கவனியுங்கள்.

பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் போனால் "முடிஞ்சுபோச்சு" என்ற பதில்தான் வரும். பத்தாம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். வாங்கியபின் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படியுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் அப்போதே கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1967-க்குப் புகார் சொல்லலாம்.

4. உழவர் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போவது

வேலூரில் டோல்கேட், காகிதப்பட்டறை, காட்பாடி ஆகிய இடங்களில் உழவர் சந்தை இருக்கிறது. வாரம் இரண்டு நாள் போனால் போதும். நான் புதனும் ஞாயிறும் போகிறேன். காலை ஐந்தரைக்குள் போனால் கீரை அப்போதுதான் இறங்கியிருக்கும். கட்டைக் கையில் எடுத்தால் சணல் கயிறு ஈரமாக இருக்கும், வேரில் சேறு ஒட்டியிருக்கும், தண்டை நகத்தால் கிள்ளினால் டக்கென்று ஒடியும். எட்டு மணிக்கு மேல் அதே கீரை தண்ணீர் தெளித்துத் தெளித்து உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். கட்டைப் பிரித்து நடுவில் பார்க்காமல் வாங்காதீர்கள். மாறாக, தக்காளி, கத்தரி, சுரை, பூசணி வாங்க வேண்டும் என்றால் பத்து மணிக்கு மேல் போவது லாபம். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் குறைத்துக் கொடுப்பார்கள்.

நுழைந்ததும் அன்றைய விலைப் பலகையைப் பாருங்கள், வேண்டியதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விலை உள்ளே கடை போட்டிருக்கும் விவசாயிகளுக்குத்தான். வாசலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் வியாபாரிகள், அவர்கள் சொல்வதுதான் விலை. இது தெரியாமல் நான் பல மாதம் வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

ஒரு வாரத்துக்கு ஐந்து பேருக்கு நான் வாங்குவது: கீரை ஐந்து கட்டு, சுரைக்காய் ஒன்று, முள்ளங்கி, பீர்க்கங்காய், கத்தரி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம். 350 ரூபாயிலிருந்து 400-க்குள் முடிந்துவிடும். தக்காளி விலை ஏறும் மாதங்களில் புளிச்சக்கீரை வாங்கிக்கொள்கிறேன், புளிப்பு அதிலேயே வந்துவிடும். பழத்துக்குக் கொய்யாவும் பப்பாளியும். ஆப்பிள் வாங்கித்தான் எடை குறைக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர்க் கொய்யாவில் வைட்டமின் சி அதைவிடப் பல மடங்கு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், உள்ளே சதை வெண்ணெய் மாதிரி இருக்கும். அவ்வளவு அருமையான காயை எண்ணெயில் மிதக்கவிடுவது பாவம். கத்தரி எண்ணெயைப் பஞ்சு போல் குடித்துவிடும். பச்சை மிளகாய், தக்காளி, ஒரு பிடி பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். கத்தரிக்காய் கடைசல் நம் வட ஆற்காட்டுச் சாப்பாடுதானே. களிக்கும் சோற்றுக்கும் அதைவிடப் பொருத்தம் இல்லை.

5. சோற்றை அளந்து போடுங்கள்

தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறோ களியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் புரிய இது போதும். ஆனால் கண்ணளவு ஏமாற்றும் என்பதை அனுபவத்தில் கண்டேன்.

எங்கள் வீட்டு ஆழாக்கை எடுத்துக்கொண்டு போய் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டி ஓர் ஆழாக்கு அரிசி 140 கிராம். மதியம் ஒரு வேளைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவ்வளவு, 490 கலோரி. இப்போது அரை ஆழாக்கு. சோறாக வெந்தபின் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வரும், அந்தக் கிண்ணத்தையே அளவாக வைத்துக்கொண்டேன். குறைந்த சோற்றின் இடத்தில் இரண்டு கரண்டி கீரைக் கடைசலும் ஒரு பொரியலும் வந்தால் வயிறு காயாது. காயைக் கூட்டாமல் சோற்றை மட்டும் குறைத்தவர்கள் எல்லாம் நாலு மணிக்கு பஜ்ஜிக் கடையில் நிற்பார்கள்.

கேழ்வரகு பற்றிப் பெரிய தவறான எண்ணம் ஒன்று உலவுகிறது. களி, கம்பு, சாமை என்று மாறிவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் எடை குறையும் என்று நினைக்கிறார்கள். 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320. பெரிய வித்தியாசம் இல்லை. அதன் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. நார்ச்சத்து அரிசியைப் போல நான்கு மடங்கு, சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம், பசி தாங்கும். அதனால் அளந்து சாப்பிட்டால்தான் பயன். என் மாமியார் முதல் நாள், "இன்னாம்மா, ஒரே உருண்டையோட எழுந்துட்ட? கழனி வேலைக்குப் போறவங்க மூணு உருண்டை சாப்பிடுவாங்க" என்று வருத்தப்பட்டார். "நான் உட்கார்ந்து தைக்கிறேன் அத்தை, கழனிக்கா போறேன்" என்றேன். ஒரு நாள் முழுக்க என் கூட இருந்து பார்த்தவர், அடுத்த நாளிலிருந்து அவரே சின்ன உருண்டையாகப் பிடித்து வைக்கிறார்.

சப்பாத்திக்கும் இதே கணக்குதான். இரவில் சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் குறையாது. இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்புக் கடைசல், வெள்ளரி.

6. மலிவான புரதம்

எடை குறைக்கும்போது புரதம் போதவில்லை என்றால் கொழுப்போடு தசையும் கரையும், பசியும் அடங்காது. முடி கொட்டுகிறது என்று பலர் பாதியில் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் நாளைக்கு 60 கிராம் என்று இலக்கு வைத்திருக்கிறேன். பவுடர் இல்லாமல் அது வருமா என்று கேட்பவர்களுக்கு என் ஒரு நாள் கணக்கு.

காலை இரண்டு அவித்த முட்டையோடு ஒரு தோசையோ இரண்டு இட்லியோ. முட்டையில் 12 கிராம், செலவு 14 ரூபாய். மதியம் கீரையிலோ சாம்பாரிலோ 40 கிராம் பருப்பு, 9 கிராம் புரதம், ரேஷன் பருப்பு என்றால் ஒன்றே கால் ரூபாய். மாலை 40 கிராம் கொண்டைக்கடலையோ கொள்ளோ பச்சைப்பயறோ சுண்டலாக, 8 கிராம், நான்கைந்து ரூபாய். பாலும் மோருமாக கால் லிட்டர், 8 கிராம், 10 ரூபாய். ஆவினில் நீல நிறப் பாக்கெட் வாங்குங்கள், கொழுப்பு 3 சதவீதம்தான், விலையும் குறைவு. ஒரு கை வறுத்த வேர்க்கடலை, 25 கிராம், அதில் 6 கிராம் புரதம். அரிசி, உளுந்து, கேழ்வரகிலிருந்து வருவது பதினைந்து கிராமுக்குக் குறையாது. கூட்டினால் அறுபதை ஒட்டி வந்துவிடுகிறது. காய்கறி, பழம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 60 ரூபாயைத் தாண்டுவதில்லை. பவுடருக்கு நான் கொடுத்தது நாளைக்கு 216 ரூபாய்.

வேர்க்கடலை சத்தானதுதான், ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்காதீர்கள். கையளவு எடுத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுங்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் வஞ்சிரத்தை விட்டுவிட்டு மத்தி வாங்குங்கள். விலை மூன்றில் ஒரு பங்குகூட இராது, நல்ல கொழுப்பு அதில்தான் அதிகம். குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மீன் சேராதவர்களுக்கு சோயா உருண்டை இருக்கிறது. 100 கிராமில் பாதிக்கு மேல் புரதம், விலையும் மலிவு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால் வாடை போய்விடும்.

7. வெளியில் சாப்பிடும் நாள்

பிரியாணி இல்லாத ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் நடக்காது. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கும்போது அதை விடச் சொல்லி யாரிடமும் சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடாத ஒன்று, காசு மிச்சம் என்று குஸ்கா வாங்குவது. குஸ்காவில் இருப்பது சோறும் எண்ணெயும் மட்டும். அதே பணத்துக்கு அரை பிளேட் சிக்கன் பிரியாணி, கூட ஓர் அவித்த முட்டை, நிறைய வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஒரு பிளேட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டாலும் சரி. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவை யாராவது வாங்கி வந்தால் ஒன்றை நான்காக வெட்டி எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடுகிறோம்.

கம்பெனியில் காலையும் மாலையும் தரும் டீ, பிஸ்கட்டுதான் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. இப்போது சுண்டல் டப்பா கொண்டுபோகிறேன். பக்கத்து மெஷின் அக்காவும் கொண்டுவர ஆரம்பித்ததிலிருந்து பிஸ்கட் பக்கம் கை போவதில்லை. சேர்ந்து சாப்பிட ஒரு ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

வெயில் காலத்தில் நம் ஊர் வெயில் தொண்டையை வறட்டும்போது ரோஸ்மில்க், சர்பத், பாட்டில் குளிர்பானம் என்று கை நீளும். கூழ் வண்டியில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் 20 ரூபாய், மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கு வையுங்கள். தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் வத்தல், மிளகாய் வறுவலை விட்டுவிடுங்கள்.

சமைக்க வசதியில்லாமல் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அம்மா உணவகம் பெரிய உதவி. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அதில் குறைவது காயும் புரதமும்தான். அறையில் முட்டை வேகவைக்க முடிந்தால், அல்லது பொட்டுக்கடலை, வெள்ளரி, தக்காளி வாங்கி வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

8. பணம் போகும் வழிகள்

ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், கிரீன் டீ, சியா விதை எதுவும் தேவையில்லை. இருக்கிறவர்கள் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை, ஆனால் அவற்றால் மட்டும் எடை குறையாது. "டயட்", "மல்டி கிரெய்ன்" என்று எழுதிய பிஸ்கட்டை வாங்கும் முன் பின்பக்கம் திருப்பி, பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதியிருக்கும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வரிசை தொடங்கினால் வைத்துவிடுங்கள்.

பவுடர், மாத்திரை, சாறு விற்பவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள். வாரம் 3 கிலோ குறையும் என்று சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உரிம எண் டப்பாவின் மேல் இருக்க வேண்டும், ரசீது தர வேண்டும். நான் ரசீது வாங்கவில்லை, அதனால் மீதிப் பணத்தைக் கேட்டபோது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. ரசீது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

9. எடை பார்ப்பதும் கால அளவும்

வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பு, தண்ணீர், மாதவிலக்கு என்று ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும், மனசு விட்டுப்போகும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை எழுதுங்கள்.

ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ வரும். எனக்கு முதல் மாதம் 3 கிலோ இறங்கியது, அதில் பாதி தண்ணீர். அடுத்த இரண்டு மாதமும் இரண்டிரண்டு கிலோ. நான்காவது மாதம் தொடங்கி ஐந்து வாரம் ஊசி அசையவே இல்லை.

அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் குறைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். முதலில் அளவுகளைத் திரும்பப் பாருங்கள். நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மேடையைப் பார்த்தபோது எண்ணெய்க் கிண்ணத்தில் டீஸ்பூன் இல்லை. எப்போதோ கழுவப் போட்டது பாத்திரக் கூடையின் அடியில் கிடந்தது. அதன் இடத்தில் குழிக்கரண்டி இருந்தது, வீட்டில் எல்லோரும் அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். டீஸ்பூனைத் தேடி எடுத்து, காம்பில் ஓட்டை போட்டு, கிண்ணத்தோடு சேர்த்து நூலால் கட்டினேன். அதிலிருந்து மூன்றாவது வாரம் அரைக் கிலோ இறங்கியிருந்தது.